பாங்காக் போகிறவர்களுக்கு: ஊரை நீர்வழியாகப் பாருங்கள்

பாங்காக்கில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று தேடினால் ஐம்பது பெயர்கள் வந்து விழும். அவற்றை நாளுக்கு ஆறேழாகப் பிரித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பாதிப் பொழுதை டாக்சிக்குள்தான் கழிக்கிறார்கள். அந்த ஊரின் போக்குவரத்து நெரிசல் அப்படி. நான் சொல்லும் வழி வேறு. 1782-இல் முதலாம் ராமா என்ற மன்னர் சாவோ ப்ரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தன் தலைநகரை அமைத்தார். அரண்மனை, பெரிய கோயில்கள், பழைய சந்தைகள் எல்லாம் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் முகம் காட்டியே எழுந்தன. அதனால் ஒரு நாளைக்கு ஒரு நீர்வழி அல்லது ஒரு ரயில் தடம் என்று வைத்துக்கொண்டு, அதன் கரையில் இருப்பதை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நான்கைந்து நாளில் ஊர் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கிளம்பும் முன்

தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டினர் எல்லோரும் 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசு தளத்திலேயே நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர்களுடையது, மூடிவிடுங்கள். விசா விதி அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத் தளத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். மார்ச்சிலிருந்து மே வரை வெயில் கொளுத்தும். ஏப்ரல் நடுவில் சோங்க்ரான் புத்தாண்டு வருகிறது. தெருவெங்கும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்காகவே போகலாம், ஆனால் அந்த நாட்களில் கோயில்களை அமைதியாகப் பார்க்க முடியாது. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம்.

பெட்டியில் முழங்காலை மூடும் உடையும் தோளை மூடும் சட்டையும் கட்டாயம் இருக்கட்டும். அரண்மனை வாசலில் உடையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு கோயிலிலும் செருப்பைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால் வார் கட்டாத செருப்பு வசதி. அந்நாட்டு நாணயமான பாட் சில்லறையாகக் கொஞ்சம் எப்போதும் பையில் இருக்கட்டும், படகுக்கும் தெருக்கடைக்கும் அதுதான் உதவும். இ-சிகரெட் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே அது சட்டவிரோதம்.

இறங்கியதும்

பெரிய விமான நிறுவனங்கள் சுவர்ணபூமியில் இறங்கும், குறைந்த கட்டண விமானங்களில் பல டான் முவாங்கில் இறங்கும். திரும்பி வரும்போது எந்த நிலையம் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஊரின் வெவ்வேறு மூலையில் இருக்கின்றன. சுவர்ணபூமியிலிருந்து விமான நிலைய ரயில் அரை மணி நேரத்தில் பயா தாய் நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து மேம்பால ரயிலான பிடிஎஸ் பிடிக்கலாம். டாக்சி என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த வண்டி. வண்டி அழைக்கும் கிராப், போல்ட் செயலிகளும் நன்றாக ஓடுகின்றன.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அழகைவிட நிலையம் எவ்வளவு தூரம் என்பதைப் பாருங்கள். பிடிஎஸ் அல்லது சுரங்க ரயிலான எம்ஆர்டி, இரண்டில் ஒன்றின் நிலையம் பத்து நிமிட நடையில் இருக்க வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு சீலோம், சபான் தக்சின் பகுதியை நான் பரிந்துரைப்பேன். ரயிலும் படகும் சந்திக்கும் இடம் அது. எம்ஆர்டியில் தொடுமுறை வங்கி அட்டையையே வாசலில் தட்டிவிட்டுப் போகலாம். பிடிஎஸ்ஸுக்கு ராபிட் என்ற அட்டை உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் தனித்தனி நிர்வாகம்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேச வேண்டாம், அங்கே சட்டம் கடுமையானது.

முதல் நாள்: ஆறு

காலை ஏழரைக்கெல்லாம் பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்குங்கள். கீழேயே சத்தோன் படகுத்துறை. சாவோ ப்ரயா எக்ஸ்பிரஸ் படகுகள் கொடி நிறத்தால் அடையாளம் காணப்படும். ஆரஞ்சுக் கொடிப் படகு உள்ளூர் மக்கள் வேலைக்குப் போகும் படகு, கட்டணம் 20 பாட்டுக்குள். நீலக் கொடி சுற்றுலாப் படகு இன்னும் கொஞ்சம் அதிகம், ஆங்கில அறிவிப்பு இருக்கும். துறையில் நுழைந்ததும் சிலர் தனிப்படகு அமர்த்தித் தருவதாக வருவார்கள். புன்னகையோடு கடந்துபோய் கொடியைப் பார்த்து ஏறுங்கள். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை நடக்கும் தூரம்.

அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கும். வெளிநாட்டினருக்கு 500 பாட். விலை அதிகம்தான், ஆனால் பாங்காக்கில் ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் எடுப்பதென்றால் இதற்கு எடுங்கள். திறந்த உடனே உள்ளே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். வழியில் யாராவது நல்ல உடையில் வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, இருபது பாட்டுக்கு டுக்டுக்கில் வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். அந்த வண்டி கடைசியில் நகைக்கடையிலோ தையல்கடையிலோதான் போய் நிற்கும். மூடியிருக்கிறதா என்பதை வாசலில் நிற்கும் காவலர் சொல்லட்டும்.

உள்ளே வாட் ப்ர கேவ் கோயிலில் (வாட் என்றால் கோயில்) மரகத புத்தர் இருக்கிறார். 66 சென்டிமீட்டர் உயரமே உள்ள பச்சைக்கல் சிலை, மிக உயர்ந்த பீடத்தில். கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவங்களுக்கு மூன்று உடை, ஒவ்வொரு பருவ மாற்றத்திலும் மன்னரே உடை மாற்றுவார். உள்ளே படம் எடுக்கக்கூடாது. உட்காரும்போது பாதம் சிலையின் பக்கம் நீளாதபடி காலை மடித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் புத்தரைப் பார்த்துவிட்டு, தங்கக் கோபுரத்தின் முன் படம் எடுத்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். தமிழ் வாசகர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: சுற்றுச்சுவர் மண்டபத்துக்குப் போங்கள். கோயிலைச் சுற்றி வரும் அந்த நீண்ட மண்டபத்தில் 178 பகுதிகளாக ராமகியென், அதாவது தாய்லாந்தின் ராமாயணம், ஓவியமாக ஓடுகிறது. வடக்குப் பக்கத்தில் ஜனகர் சீதையைக் கண்டெடுக்கும் காட்சியில் தொடங்கி வலமாக நடந்தால் கதை வரிசையாக வரும். பச்சை முகம் கொண்டவன் தோட்சகான், நம் ராவணன். வெள்ளைக் குரங்கு அனுமன். பிபேக் என்றால் விபீஷணன், மொந்தோ என்றால் மண்டோதரி.

கதை நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைக்கும்போதே அது வேறு பக்கம் திரும்பும். இந்தக் கதையில் சீதை தோட்சகானுக்கும் மொந்தோவுக்கும் பிறந்த மகள். குலத்துக்கு ஆபத்து என்று சோதிடம் சொன்னதால் ஆற்றில் விடப்பட்டவள். அனுமன் பிரம்மச்சாரி அல்ல. கடலில் பாலம் கட்டும்போது கற்களை எடுத்துச் செல்லும் மச்சகன்னியிடம் காதல் கொள்கிறான். அவர்களுக்குப் பிறந்த மச்சானு, பாதாளத்தில் தந்தையை யாரென்று அறியாமல் எதிர்த்து நிற்கிறான். ராமனைத் தூக்கிக்கொண்டு போகும் மையராப் என்ற அரக்கனைத் தேடி அனுமன் போகும் இடம் அது. நம் பாவைக்கூத்தில் மயில்ராவணன் கதை பார்த்தவர்களுக்கு இந்தச் சுவர் முன் நிற்கும்போது சிலிர்க்கும். மையராப் நம் மயில்ராவணன்தான், மச்சானு நம் மச்சவல்லபன். ஓவியத்தின் கீழ் ஓரங்களையும் பாருங்கள், போருக்கு நடுவே சமைக்கிறவர்கள், சூதாடுகிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்கள் என்று அக்கால பாங்காக் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இந்த மண்டபத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நிழலும் உண்டு.

அங்கிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் வாட் போ. 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சயன புத்தர். தலைப்பக்கம் எல்லோரும் நிற்பார்கள், நீங்கள் பாதப்பக்கம் நேரம் செலவிடுங்கள். உள்ளங்கால்களில் 108 மங்கலக் குறிகள் முத்துச்சிப்பியில் பதிக்கப்பட்டிருக்கின்றன. சுவரோரம் 108 கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். கோயில் வளாகத்திலேயே தாய்லாந்துப் பாரம்பரிய மசாஜ் பள்ளியும் இருக்கிறது. காலையிலிருந்து நடந்த காலுக்கு அரை மணி நேரப் பாத மசாஜ் பெரிய உதவி. தாய் மசாஜ் கலையை 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தா தியென் துறைக்கு வாருங்கள். எதிர்க்கரைக்குப் போகும் சிறு படகுக்குச் சில பாட்தான். இறங்கினால் வாட் அருண். தூரத்திலிருந்து பார்க்கும்போது கல் கோபுரம் போலத் தெரியும். பக்கத்தில் போனால் அத்தனையும் சீனப் பீங்கான் துண்டுகளால் செய்த பூக்கள். படிகள் செங்குத்து, இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். மண்டப வாசலில் இரண்டு பெரிய அரக்கர்கள் காவல் நிற்பார்கள். பச்சை நிறத்தவன், காலையில் சுவரில் பார்த்த தோட்சகான்.

கோயிலின் பெயர் விடியலுக்குரியது என்றாலும் அதைப் பார்க்கச் சிறந்த நேரம் மாலை. சூரியன் கோபுரத்தின் பின்னால் இறங்கும் காட்சி தா தியென் பக்கக் கரையிலிருந்துதான் தெரியும், ஆகவே ஐந்து மணியளவில் திரும்பி இந்தக் கரைக்கு வந்துவிடுங்கள். இரவு அறைக்குத் திரும்ப எம்ஆர்டியின் சனம் சாய் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2019-இல் திறந்த அந்த நிலையத்தின் உள் அலங்காரம் அரச மண்டபத்தைப் போலவே செய்யப்பட்டிருக்கிறது, ரயில் பிடிக்காவிட்டாலும் இறங்கிப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: பழைய நகரும் கால்வாயும்

எம்ஆர்டியில் சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடந்தால் சாலை நடுவே மிக உயரமான இரண்டு சிவப்புத் தூண்கள் நிற்கும். சாவ் சிங் சா என்ற பெரிய ஊஞ்சல். அரசவை அந்தணர்களின் திரியம்பவாய் விழாவில் இளைஞர்கள் இதில் ஆடி, உயரத்தில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். ஆபத்து காரணமாக 1935-இல் ஆட்டம் நின்றுபோனது. இப்போது நிற்பது 2007-இல் தேக்கில் புதிதாக எழுப்பியது. எதிரே வாட் சுதாத். ஒரு எட்டு நடந்தால் 1784-இல் கட்டிய தேவஸ்தான், சிவன், பிள்ளையார், திருமாலுக்குத் தனித்தனி சன்னதிகள் கொண்ட அந்தணர் கோயில்.

ஊஞ்சல் ஆட்டம் நின்றாலும் விழாவின் பூஜை இன்றும் இந்தக் கோயிலுக்குள் மார்கழி, தை ஒட்டி நடக்கிறது. அதில் ஓதப்படும் பாடல்களில் திருவெம்பாவையும் தேவாரமும் உண்டு. பல நூற்றாண்டுகளாக வாய்வழியாகவும் கிரந்த எழுத்து ஏடுகளிலும் வந்ததால் உச்சரிப்பு நமக்குச் சட்டென்று பிடிபடாத அளவுக்கு மாறிவிட்டது. ஆனாலும் மணிவாசகரின் மார்கழிப் பாடல் பாங்காக்கின் நடுவில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. பெரிய சன்னதி எல்லா நாளும் திறப்பதில்லை, சாத்தியிருந்தால் வளாகத்தை மட்டும் பார்த்து வாருங்கள்.

அங்கிருந்து வாட் சகேத்தின் தங்க மலைக்கு நடக்கலாம். வழியில் பான் பாட் என்ற சந்து வரும். பிக்குகளின் பிச்சைப் பாத்திரத்தை எட்டு இரும்புத் துண்டுகளைப் பொருத்திக் கையால் தட்டிச் செய்யும் குடும்பங்கள் சில இன்னும் அங்கே இருக்கின்றன. சுத்தியல் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். தங்க மலை இயற்கை மலை அல்ல. மூன்றாம் ராமா காலத்தில் எழுப்பத் தொடங்கிய பெரிய ஸ்தூபி, சேற்று மண் தாங்காமல் சரிந்தது. அந்தக் குவியலைப் பலப்படுத்தித்தான் பிற்பாடு மேலே பொன் ஸ்தூபி வைத்தார்கள். 344 படிகள், சுற்றிச் சுற்றி ஏறுவதால் அவ்வளவாகக் களைப்புத் தெரியாது.

மலையடிவாரத்திலேயே பான்ஃபா துறை, சேன் சாப் கால்வாய்ப் படகின் தொடக்கம். படகு நின்றும் நிற்காமலும் கிளம்பும், சட்டென்று ஏறி உட்காருங்கள். தண்ணீர் சுத்தமானது அல்ல. எதிர்ப்படகு வரும்போது பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் திரையைக் கயிற்றால் இழுத்துவிட வேண்டும். ஓரத்தில் உட்காருகிறவருக்கு அந்த வேலை. சபான் ஹுவா சாங் துறையில் இறங்கினால் ஜிம் தாம்சன் வீடு. தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். பழைய தேக்கு வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே சேர்த்துக் கட்டினார். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. மாலையில் பக்கத்து எராவன் சன்னதிக்கு வந்தால், பெருங்கடைகளுக்கு நடுவே நான்முகப் பிரம்மாவுக்கு நேர்த்திக்கடனாக நடனமாடும் பெண்களைப் பார்க்கலாம்.

பேரங்காடிகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை, மழை வந்தால் உள்ளே நுழையுங்கள், அவ்வளவுதான். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் சோங் நொன்சி நிலையத்தருகே 314 மீட்டர் உயரமுள்ள மகாநகோன் கட்டடத்தின் உச்சியில் கண்ணாடித் தளம் இருக்கிறது.

சாப்பாடும் நம் மாரியம்மனும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு சேர்த்துவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "கின் ஜே" என்று சொன்னால் மாமிசம், மீன், முட்டை எதுவும் இல்லாத சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். பூண்டு, வெங்காயமும் அதில் இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ஜே கடை. மாங்காயோ மாம்பழமோ அங்கே கிடைக்கும் விதமே தனி. தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோற்றோடு மாம்பழத்தை யாரும் தவறவிட வேண்டாம்.

சோறும் சாம்பாரும் தேடினால் சீலோம் பக்கமும் பாஹுரத் பக்கமும் போங்கள். சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள். உள்ளே போனால் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து, சீன வம்சத்து இளைஞர்கள். நவராத்திரியின் கடைசி நாள் ஊர்வலத்துக்குச் சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள், சாமந்திப் பூவால் தெரு முழுதும் மஞ்சளாகிவிடும். அந்தச் சமயம் ஊரில் இருந்தால் வேறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அங்கே போங்கள்.

ராத்திரி தெருச் சாப்பாட்டுக்கு யாவ்வராத், சைனா டவுன். எம்ஆர்டியின் வாட் மங்கோன் நிலையம். இருட்டுவதற்கு முன்பே போனால் வாட் திரைமித்தின் ஐந்தரை டன் பொன் புத்தரையும் பார்த்துவிடலாம். நெடுங்காலம் சுண்ணச் சிலை என்றே நினைத்திருந்தார்கள். 1955-இல் இடம் மாற்றத் தூக்கியபோது கீழே விழுந்து பூச்சு உடைந்த பிறகுதான் உள்ளே இருந்த பொன் தெரிந்தது.

ஊருக்கு வெளியே

ஒரே ஒரு நாள்தான் வெளியே போக முடியும் என்றால் அயுத்தயாவுக்குப் போங்கள். 1350-இலிருந்து 1767 வரை சயாமின் தலைநகர், பர்மியப் படையெடுப்பில் எரிந்தது, 1991-இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியத் தலம். எம்ஆர்டியில் பாங் சூ நிலையம் போனால் அங்கே க்ருங் தேப் அபிவத் என்ற பெரிய ரயில் நிலையம். மூன்றாம் வகுப்பில் கட்டணம் குறைவு, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

அயுத்தயா நிலையத்துக்கு வெளியே நேராக நடந்தால் ஆறு, படகில் கடந்தால் பழைய நகரத் தீவு. வாடகை சைக்கிள் எடுக்கலாம், வெயில் தாங்காதவர்கள் டுக்டுக்கை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளலாம். முதலில் வாட் மஹாதாத். அரசமர வேர்களுக்குள் சிக்கி நிற்கும் புத்தர் தலை அங்கேதான். படம் எடுப்பவர் தலை, புத்தர் தலைக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் எல்லோரும் குந்தியே எடுப்பார்கள். தலையிழந்த சிலைகளின் பின்னால் நின்று தன் தலையை வைத்துப் படம் எடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம் மூன்று ஸ்தூபிகள் வரிசையாக நிற்கும் வாட் ப்ர சி சன்பேத், அரண்மனைக்குள் இருந்த கோயில். மாலைக்கு, தீவுக்கு வெளியே ஆற்றின் மறுகரையில் 1630-இல் கம்போடியாவின் கெமர் பாணியில் கட்டிய வாட் சாய்வத்தனாராம். இந்த மூன்றையும் நின்று பார்த்தாலே போதும். மீதியைச் சைக்கிளில் கடக்கும்போது பார்க்கலாம். மெல்லிய ரொட்டியில் சர்க்கரை இழைகளைச் சுருட்டித் தரும் ரோட்டி சாய் மாய், அயுத்தயா முஸ்லிம் குடும்பங்களின் கைவண்ணம், வாங்கிச் சாப்பிடுங்கள்.

மிதக்கும் சந்தை என்றால் எல்லோரும் தம்னோன் சதுவாக் என்பார்கள். அது இப்போது பயணிகளுக்காகவே நடக்கிறது, விலையும் அப்படி. எனக்குப் பிடித்தது அம்பவா. வெள்ளி முதல் ஞாயிறு வரை மதியத்துக்கு மேல் களைகட்டும், படகிலேயே அடுப்பு வைத்துக் கணவாய் சுட்டுத் தருவார்கள், இருட்டியதும் ஆற்றோர மரங்களில் மின்மினி பார்க்கப் படகு கிளம்பும். போகும் வழியில் மேக்லோங் ரயில் சந்தை. தண்டவாளத்தின் மேலேயே காய்கறிக் கடைகள், ரயில் வரும்போது பந்தல்களை மடக்கிக்கொண்டு, போனதும் விரித்துவிடுவார்கள். ஒரு நாளைக்குச் சில முறைதான் ரயில் வரும், நேரத்தைப் பார்த்து அரை மணி முன்பே நின்றுகொள்ளுங்கள், கைபேசியை நீட்டாதீர்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முவாங் போரான் என்ற பழநகரம். பிடிஎஸ்ஸின் கடைசி நிலையமான கேஹாவில் இறங்கி டாக்சி. தாய்லாந்தின் வரைபட வடிவிலேயே அமைந்த பெரிய தோட்டத்தில் நாட்டின் முக்கியக் கட்டடங்களின் மாதிரிகள். அயுத்தயாவில் அடித்தளம் மட்டுமே மிஞ்சிய அரண்மனை மண்டபம் இங்கே முழு உருவில் நிற்கிறது. அதனால் அயுத்தயா பார்த்த மறுநாள் இதைப் பார்ப்பது நல்லது.

எந்த நாளில் எதை வைப்பது? சனி, ஞாயிறில் ஒன்று அம்பவாவுக்கு. இன்னொன்றின் காலை, வாரக் கடைசியில் மட்டும் முழுதாகத் திறக்கும் சதுசாக் சந்தைக்கு, எம்ஆர்டியில் கம்பேங் பேத் நிலையத்தில் இறங்கினால் நேராகச் சந்தைக்குள் ஏறலாம். அரண்மனைக்கு வேலை நாள் நல்லது. தேசிய அருங்காட்சியகம் திங்கள், செவ்வாயில் மூடியிருக்கும். ஏதாவது சிக்கல் வந்தால் சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.